அல்லா பந்த்: ஏட்டுச் சாட்சியும் மண்ணின் சாட்சியும்

பூமி நடுங்குவது சில விநாடிகளிலோ, மிஞ்சினால் சில நிமிஷங்களிலோ முடிந்துவிடுகிற காரியம்; ஒரே பிரதேசத்தில் ஒரு பெரும் பூகம்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கழிகிற காலமோ பல நூற்றாண்டுகளாகவும், சில சமயம் ஆயிரம் ஆண்டுகளாகவும் நீண்டுவிடுகிறது. பூகம்ப சரித்திரத்தை ஆராயப் புகுவோருக்கு முதல் இடையூறு இதுவே. நம் நாட்டில் பூகம்பமானிகள் முதன்முதலாக நிறுவப்பட்டது, 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி அஸ்ஸாமை உலுக்கிய பெரும் பூகம்பத்துக்குப் பிறகுதான்; அதை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கல்கத்தாவின் அலிப்பூரிலும், பம்பாயின் கொலாபாவிலும், நம் கொடைக்கானல் மலையிலும் அக்கருவிகள் இயங்கத் தொடங்கின. ஆகவே கருவிகள் எழுதிவைத்த சரித்திரம் என்று நமக்கு உள்ளது ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு மட்டுமே. அதற்கு முன்னர் எந்த ஊரில் எவ்வளவு கடுமையாகப் பூமி அசைந்தது, மறுபடி அசைவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற கேள்விகளுக்கு விடை தேடுகிறவர்கள் இரண்டே சாட்சிகளை நம்பியாக வேண்டும்: ஒன்று, மனிதர் எழுதிவைத்த ஏடு, மற்றொன்று, பூமி தன் அடுக்குகளில் தானே பதித்துவைத்த வடு.

இவ்விரு சாட்சிகளுள் முதலாவதற்கு நாள், கிழமை, நாழிகை எல்லாம் தெரியும். ஆனால் கண்டதைக் காட்டிலும் கேட்டதை அதிகமாகச் சொல்லும் சுபாவமும் அதற்கு உண்டு. இதற்குக் கல்கத்தாவின் கதையே தக்க திருஷ்டாந்தம். 1737ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்நகரில் நேர்ந்த ஒரு பெரும் பூகம்பத்தில் மூன்று லட்சம் மக்கள் மாண்டனர் என்று உலகப் பூகம்ப அட்டவணைகளில் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டு வந்தது. அதனால் உலகில் மிகுந்த உயிர்ச்சேதம் விளைத்த பூகம்பங்களின் வரிசையில் அது உயர்ந்த ஸ்தானம் ஒன்றை வகித்தும் வந்தது. அச்செய்திக்கு மூலம், லண்டன் சஞ்சிகை ஒன்றில் நிகழ்ச்சிக்குப் பல மாதங்கள் கழித்து அச்சான ஒரு விவரணம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய கடிதங்களையும் அறிக்கைகளையும் புரட்டிப் பார்த்த நிலவியலாளர் ராஜர் பில்ஹம் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இரவில் கங்கையின் முகத்துவாரத்தைத் தாக்கியது ஒரு கொடிய புயலே என்றும், நகரில் இறந்தவர்களாகக் கம்பெனிச் சேவகர்கள் கணக்கிட்டது சுமார் மூவாயிரம் பேரே என்றும் எடுத்துக்காட்டினார். மூன்று லட்சம் பேர் மடிவதற்கு முதலில் அத்தனை பேர் அந்நகரில் வாழ்ந்திருக்க வேண்டுமல்லவா என்ற எளிய கேள்வியை, அட்டவணையைப் பார்த்து அட்டவணை எழுதியவர்கள் நெடுங்காலம் கேட்கவே இல்லை.

சிந்து நதியின் கழிமுகத்தைப் பற்றிய மற்றொரு செய்தியும் இத்தகையதே. கி.பி. 893இல் தேபல் துறைமுகம் பூகம்பத்தில் அழிந்து ஒன்றரை லட்சம் பேர் மாண்டதாக அரபுச் சரித்திர ஆசிரியர்களின் கூற்றைக் கொண்டு இந்திய அட்டவணைகளில் ஒரு பதிவு இடம் பெற்றிருந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஆர்மீனியாவின் த்வின் நகரம் பூகம்பத்தால் பாழானது என்பது உறுதியான செய்தி. அந்நகரை அரபு ஆசிரியர்கள் குறித்த பெயர் ‘தபீல்’ என்பதாகையால், ஒத்த எழுத்துக்களையுடைய இரு பெயர்கள் மயங்கி, ஆர்மீனியாவின் துயரம் சிந்து தேசத்தின் கணக்கில் ஏறிவிட்டது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் தெளிந்தனர்.

இத்தகைய பிழைகள் நிறைந்த குவியலிலிருந்து உண்மையைப் பொறுக்கி எடுக்கும் வேலையை நம் நாட்டில் முறையாகத் தொடங்கிவைத்தவர் தாமஸ் ஓல்டம். 1851இல் இந்திய நிலவியல் அளவைத் துறையின் தலைமையை ஏற்ற அவர் தொகுத்துவைத்த இந்தியப் பூகம்ப அட்டவணை, அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1883இல் பிரசுரமாயிற்று. அதனை வெளிக்கொணர்ந்தவர் அவருடைய புதல்வர் ரிச்சர்டு டிக்ஸன் ஓல்டம். அஸ்ஸாம் பூகம்பத்தைப் பற்றிய பேரறிக்கையை எழுதியவரும், பூகம்ப அலைகளின் போக்கைக் கொண்டே பூமிக்குள் ஓர் உட்கரு உண்டென்று 1906இல் நிரூபித்தவரும் அவரே. அத்தகைய பேரறிஞர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று நெடுநாளான பிறகு, 1926இல் மீண்டும் ஒரு பழைய பூகம்பத்தைப் பற்றி விரிவாக எழுதினார் என்றால், அப்பூகம்பத்தில் ஏதோ விசேஷம் இருந்திருக்க வேண்டும். ஏட்டுச் சாட்சியும் மண்ணின் சாட்சியும் ஒன்றையொன்று தாங்கியும் திருத்தியும் நிற்கும் நேர்த்திக்கு அதைக் காட்டிலும் சிறந்த உதாரணம் நம் தேசத்தில் இல்லை. அதுதான் 1819ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் தேதி மாலை கட்ச் நாட்டைச் சூறையாடிய பூகம்பம்.

கட்ச் என்பது கடலுக்கும் உவர்வெளிக்கும் நடுவே தீவுபோல் கிடக்கும் நாடு. அதன் வடக்கே விரிந்துள்ள ரண் என்ற மாபெரும் உப்புச் சமவெளி, மழைக்காலத்தில் ஆழமற்ற நீர்ப்பரப்பாகவும் கோடையில் வெண்ணிறப் பாலையாகவும் மாறி மாறித் தோற்றமளிப்பது. ஒரு காலத்தில் சிந்து நதியின் கிழக்குக் கிளையாகிய பூரண் இந்த ரண்ணின் மேற்கு ஓரமாக ஓடி, லக்பத் நகருக்கருகே நெல் விளையும் அளவுக்கு நன்னீர் தந்துகொண்டிருந்தது. 1762இல் ஜாரா என்னுமிடத்தில் சிந்துக்கும் கட்ச்சுக்கும் நடந்த போருக்குப் பிறகு சிந்தின் அதிபதி குலாம் ஷா கல்ஹோரா மோரா என்னுமிடத்தில் அணை கட்டி அந்த நீரைத் தடுத்துவிட, பின்வந்தவர்களும் மேலும் சில அணைகளைச் சேர்க்க, பசிய வயல்கள் உப்பு பூத்துப் பாழாயின. ஆறு வற்றிய போதிலும் அதன் தடத்தின் வழியே சிந்துக்குச் செல்லும் வியாபாரப் பாதை மட்டும் எஞ்சியது. அப்பாதையில் சுங்கம் வசூலிப்பதற்காகக் கட்ச் சமஸ்தானத்தார் சிந்த்ரி என்ற சிறு கோட்டையில் காவல் வைத்திருந்தனர்.

பூகம்பம் நேர்ந்த அந்த ஆண்டின் மார்ச் மாதத்தில்தான் கம்பெனிப் படை புஜ் நகரைக் கைப்பற்றி, ராவ் பார்மல்ஜியை அரியணையிலிருந்து இறக்கி, அவருடைய இளம் பாலகனை அதில் அமர்த்தியிருந்தது. இந்த அரசியல் மாற்றம் பூகம்ப சரித்திரத்துக்கு எதிர்பாராத உபகாரம் ஒன்றைச் செய்தது: சம்பவத்தை எழுதிவைக்கும் பழக்கமுடைய உத்தியோகஸ்தர்கள் அந்த நாட்டில் அப்போது இருந்தனர். அவர்களுள் முக்கியமானவர், அஞ்சாரில் தங்கியிருந்த காப்டன் ஜேம்ஸ் மக்மர்டோ. மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு பூமி புரண்டதையும், வீடுகள் சரிந்து எழுந்த புழுதி வானை மறைத்ததையும், அதன் பின் நாள்தோறும் தொடர்ந்த சிறு நடுக்கங்களையும் அவர் குறித்துவைத்தார். புஜ் நகரில் ராவின் அரண்மனை உள்படச் சுமார் ஏழாயிரம் வீடுகள் வீழ்ந்ததாகக் கணக்கு. கட்ச் நாடு முழுவதிலும் மாண்டோர் 1,500 பேருக்கு மேல். தொலைவிலுள்ள அகமதாபாத்தில், நான்கு நூற்றாண்டுக் காலம் நிலைபெற்றிருந்த ஜும்மா மசூதியின் உயர்ந்த ஸ்தூபிகள் முறிந்து விழுந்தன. மக்மர்டோ அடுத்த ஆண்டே வாந்திபேதியால் மாண்டார். அவருடைய குறிப்புகள் பம்பாய் இலக்கிய சங்கத்தின் வெளியீட்டில் 1823இல் அச்சாயின.

இந்த ஏடுகளை மட்டும் கொண்டு ஒருவர் படம் வரைந்தால், பூகம்பத்தின் மையம் புஜ், அஞ்சார் நகரங்களுக்கு அடியில் இருந்தது என்றே முடிவு கட்டுவார். ஏனெனில் சேதங்கள் அங்கேதான் எழுதப்பட்டன. எழுதப்பட்டதற்குக் காரணமோ, மக்களும் கட்டடங்களும் எழுதத் தெரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதே. வடக்கே மனித சஞ்சாரமற்ற ரண்ணில் நடந்ததை எழுத ஒருவருமில்லை. பூமி உண்மையில் முறிந்ததோ அங்கேதான். அதற்கு ஏட்டிலே கிடைத்த ஒரே சூசகம் சிந்த்ரிக் கோட்டையின் கதி. நடுக்கம் ஓய்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் கோட்டையைச் சுற்றிலும் நீர் பெருகி உயர, சுங்கச் சாவடியார் எஞ்சி நின்ற ஒரு கோபுரத்தின் மேல் ஏறித் தப்பி, மறுநாள் படகுகளில் கரை சேர்ந்தனர். அந்த நிலப்பரப்பு முழுவதும் அமிழ்ந்து ஏரி ஆகிவிட்டது. அதன் வடக்கே ஐந்து மைல் தொலைவில், முன்பு சமவெளியாக இருந்த இடத்தில், கிழக்கு மேற்காகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மேடு எழும்பி நிற்பதை மக்கள் கண்டனர். மனிதர் கட்டிய அணைகளை நன்கறிந்த அவர்கள், இதனை மனிதர் கட்டாத அணை என்னும் கருத்தில் ‘அல்லா பந்த்’ என்று வழங்கலாயினர்.

1826இல் சிந்து நதியில் வந்த பெருவெள்ளம் மனிதர் கட்டிய அணைகளை உடைத்ததோடு அல்லா பந்தையும் அறுத்துக்கொண்டு சிந்த்ரி ஏரியில் பாய்ந்தது. அடுத்த ஆண்டு அங்கே படகில் சென்ற இளம் அதிகாரி அலெக்ஸாண்டர் பர்ன்ஸ், வெள்ளம் அறுத்த கரையில் மேட்டின் உட்புறத்தை நேரில் பரிசோதித்து, அது கிளிஞ்சல்கள் செறிந்த களிமண்ணால் ஆனது என்று எழுதினார். அதாவது, அது எங்கிருந்தோ அடித்துவரப்பட்டுக் குவிந்த மண்மேடன்று, அங்கேயே கிடந்த பழைய அடித்தளமே. இவ்விவரங்கள் சார்ல்ஸ் லயெலின் கைக்கு எட்டின. பூமியின் முகம் என்றோ நடந்த பிரளயங்களால் உருவானதன்று, இன்றும் நம் கண்முன் இயங்கும் சக்திகளாலேயே மெல்ல மெல்ல உருமாறுகிறது என்ற தமது சித்தாந்தத்துக்குப் பிரத்தியட்ச ஆதாரங்களைத் தேடிக்கொண்டிருந்த அவர், ஒரே மாலையில் ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் மேடும் தோன்றிய இந்த அதிசயத்தைத் தமது புகழ்பெற்ற நிலவியல் கிரந்தத்தில் விரிவாக எடுத்தாண்டார். சிந்த்ரிக் கோட்டை முழுமையாக இருந்த நாளில், 1808இல், காப்டன் கிரிண்ட்லே வரைந்த ஓவியத்தையும் பிற்பதிப்புகளில் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் தம் பெயரால் ஒரு வங்கி விளங்கும்படி செய்த அதே கிரிண்ட்லேதான் இவர்.

ஆயினும் சந்தேகம் ஓயவில்லை. வடக்கே நிலம் உயர்ந்ததா, அல்லது தெற்கே நிலம் தாழ்ந்ததனால் உயராத நிலமும் உயர்ந்ததுபோல் தோன்றுகிறதா? கண்ணால் பார்த்து எழுதிய எவருடைய வருணனையாலும் இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியவில்லை. தீர்த்துவைத்தது, பூகம்பத்தைப் பற்றிச் சிறிதும் கவலைப்படாத ஒரு பொறியாளரின் அளவைக் கணக்கு. சிந்து தேசத்தின் கால்வாய்களுக்குப் பொறுப்பேற்றிருந்த பேக்கர் என்ற அதிகாரி, வடிகாலுக்கும் நீர்ப்போக்குக்கும் வேண்டி, 1844இல் பூரண் நதித் தடத்தின் வழியே மட்டம் எடுத்துச் சென்றார். அவர் வரைந்த வெட்டுமுகப் படத்தில் அல்லா பந்த் ஏறத்தாழ 20 அடி உயரம் காட்டிற்று. தெற்கு முகம் செங்குத்தாகவும் வடக்குப் பக்கம் மெல்லச் சரிந்தும் இருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காகிதத்தில் உறங்கிக் கிடந்த அந்த அளவுகளை, முன்பு கல்கத்தாவின் பிழையைத் திருத்திய அதே பில்ஹம் எடுத்து, இன்றைய கணித முறைகளால் பரிசீலித்து, 1999இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வடக்கு நோக்கிச் சாய்ந்த ஒரு பாறைப் பிளவின் மேல் வடபுறத்து நிலம் பத்து மீட்டருக்கும் அதிகமாக வழுக்கி ஏறியது என்பதும், பூகம்பத்தின் அளவு சுமார் 7.7 என்பதும் அவர் கண்ட முடிவு. பூகம்பமானி பிறப்பதற்கு முன் நேர்ந்த ஒரு பூகம்பத்தின் அளவை மட்டப்பலகைக் கணக்கு கொடுத்துவிட்டது. அலங்காரமாக எழுதிய கடிதங்களைக் காட்டிலும் அடி, அங்குலம் என்று எழுதிய வறண்ட பக்கமே ஆராய்ச்சிக்கு அதிகம் உதவியது.

ஏடு இவ்வளவு சொன்ன பிறகும் அதனால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: 1819க்கு முன்பு அதே இடத்தில் பூமி எப்போது இவ்விதம் அசைந்தது? இதற்கு மண்ணைத்தான் கேட்க வேண்டும்; கேட்கும் முறையும் விசித்திரமானது. நிலத்தடி நீரில் ஊறிய மணற்படுகை பெரும் நடுக்கத்துக்கு உள்ளாகும்போது மணற்பரல்கள் ஒன்றையொன்று பற்றும் பிடியை இழக்க, படுகை முழுவதும் குழம்பாகிவிடுகிறது. மேலே மூடியிருக்கும் களிமண்ணின் கனம் அழுத்த, பொங்கும் உலை மூடியைத் தள்ளிக்கொண்டு வழிவது போல, மணலும் நீரும் விரிசல்களின் வழியே பீறிட்டு மேற்பரப்பில் சிறு சிறு கூம்புகளாகப் படிகின்றன. காலப்போக்கில் அவற்றின் மேல் புதிய வண்டல் படிந்து மூடிவிட்டாலும், களிமண்ணைக் குறுக்கே கிழித்துச் சென்ற மணல் நரம்பு அழிவதில்லை. தக்க இடத்தில் பள்ளம் தோண்டிச் சுவரைச் செதுக்கிப் பார்க்கிறவர்கள், எந்த அடுக்கு வரை அந்த நரம்பு ஏறி நின்றுவிட்டது, எந்த அடுக்கு அதன்மேல் பின்னர் படிந்தது என்று கண்டு, அவ்வடுக்குகளில் சிக்கியுள்ள கரித்துண்டு, சருகு முதலியவற்றின் வயதைக் கதிர்க்கரிமக் கணிப்பால் அளந்தால், பூகம்பம் இன்ன காலத்துக்குப் பின், இன்ன காலத்துக்கு முன் நிகழ்ந்தது என்ற இரு எல்லைகள் கிடைக்கின்றன.

இவ்விதம் ரண்ணில் பள்ளம் தோண்டி ஆராய்ந்த சி. பி. ராஜேந்திரனும் குசலா ராஜேந்திரனும், 1819இன் மணல் கூம்புகளுக்குக் கீழே அதற்கு முந்திய மற்றொரு குழம்பலின் சுவட்டைக் கண்டு, அது ஏறத்தாழ 800 முதல் 1000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2001இல் வெளியிட்டனர். அதே 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி, குடியரசு நாள் காலையில், புஜ் நகரம் மீண்டும் இடிந்து, ஏறத்தாழ இருபதாயிரம் உயிர்கள் மாண்டன. அப்போதும் ரண்ணில் மணலும் நீரும் பீறிட்டன. ஆனால் பாறை முறிவு மேற்பரப்பை எட்டாமல் ஆழத்திலேயே நின்றுவிட்டதால் புதிய அல்லா பந்த் ஏதும் எழவில்லை. எல்லாப் பூகம்பமும் ஒரேவிதமான அடையாளத்தை விட்டுச் செல்வதில்லை என்பதற்கு இதுவே சான்று. மண்ணின் சாட்சிக்குப் பொய் தெரியாது. அதற்குத் தேதியும் தெரியாது. ஐம்பது, நூறு ஆண்டு இடைவெளியை அது ஒரே விஷயமாகச் சொல்லிவிடும். இரு பூகம்பங்களை ஒன்றாக்கிவிடும். சிலவற்றை அறவே சொல்லாமல் விட்டுவிடும். அதனாலேயே அதற்கு ஏட்டின் துணை வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1881ஆம் ஆண்டின் கடைசி நாள் காலையில் கார் நிகோபார் தீவுக்கருகே கடலடியில் ஒரு பூகம்பம் நேர்ந்தது. துறைமுகங்களுக்கான ஓத அட்டவணை தயாரிப்பதற்காக இந்திய நில அளவைத் துறையார் அக்காலத்தில்தான் சென்னை, நாகப்பட்டினம் முதலிய இடங்களில் கடல் மட்டத்தின் ஏற்றவற்றத்தைத் தானாகவே வரைந்துகொள்ளும் கருவிகளை நிறுவியிருந்தனர். வங்காள விரிகுடாவைச் சுற்றியிருந்த எட்டுக் கருவிகள் அன்று கடல் ஒரு மீட்டருக்கும் குறைவாக எழுந்து எழுந்து தணிந்ததைக் கோடு தவறாமல் வரைந்துவைத்தன. கரையில் நின்றவர்களுள் பலர் கவனித்திருக்கவும் மாட்டார்கள். அந்தக் கோடுகளை வைத்து அப்பூகம்பத்தின் இடத்தையும் அளவையும் ஓர்ட்டிஸ், பில்ஹம் என்ற இருவர் கணித்து வெளியிட்டது 2003இல். மறு ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி அதே கடலடிப் பிளவின் நெடுந்தொடர் முறிந்து, நம் கரையில் நேர்ந்த கொடுமையை யாரும் மறந்திருக்க முடியாது.

அதன் பின்னர்தான் நம் கரையில் மண்ணின் சாட்சியத்தையும் நாடினார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் நடந்த அகழ்வில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோழர் காலத்தில், ஆழிப்பேரலை கொண்டுவந்து படியவைத்ததாகக் கருதப்படும் ஓர் அடுக்கு கிடைத்தது என்று 2011இல் அறிவித்தனர். இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்ற மணிமேகலைச் செய்தியை இந்த அடுக்கோடு உடனே முடிச்சுப் போட மனம் துடிப்பது இயல்பே. ஆனால் காப்பியம் அந்த அடுக்குக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர் கொள்கை. மயங்கிய ஒரு பெயர் ஆர்மீனியாவின் துயரத்தைச் சிந்துவுக்கு மாற்றியது போல, அவசரமான ஒரு முடிச்சு ஒரு காலத்துக் கடலை வேறொரு காலத்து நகரின்மேல் ஏற்றிவிடும். இரு சாட்சிகளும் தனித்தனியே விசாரிக்கப்பட்டு, தாமாகவே ஒன்றுபட்டால் மட்டுமே தீர்ப்பு நிற்கும்.

எனவே ஒரு வேண்டுகோள். கிராமக் கணக்கு ஏடுகள், மாதா கோயில் பதிவேடுகள், துறைமுகக் குறிப்புகள், பொதுப்பணித் துறையின் பழைய மட்ட அளவுகள், ஏரி மதகு உடைந்ததைப் பற்றிய தாலுகா அறிக்கைகள் ஆகியவை, இன்று யாருக்கும் பயன்படாதவை என்று கழித்துக்கட்டப்படும் காகிதங்கள். பேக்கரின் படத்தையும் 1881இன் ஓதக் கோடுகளையும் வரைந்தவர்களுக்கு அவற்றின் பயன் தெரிந்திருக்கவில்லை. அவற்றைப் பாதுகாத்தவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. பாதுகாத்தார்கள் என்பதே போதுமானதாயிற்று. எடைக்குப் போடுவதற்கு முன் அத்தகைய ஏடுகளை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தாருக்கோ, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தாருக்கோ ஒரு முறை காட்டுவது, அவற்றை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்யத்தக்க சிறு கடமை.